தரை பார்த்துப் போன சுற்றுலா

ராமேஸ்வரம் வரைக்கும் போய்விட்டுக் கோயிலுக்குள் காலெடுத்து வைக்காமல் திரும்பி வந்தவர்கள் இந்த ஜில்லாவிலேயே நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும். எங்கெங்கோ வடக்கேயிருந்து மூட்டை முடிச்சோடு ரயிலில் வருகிறார்கள். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்து, ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டு சாமி பார்த்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஊர் கமுதியில் காலைக் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம். அப்படிப் போன நாங்கள், ஓடுகிற வேனின் ஜன்னல் வழியாகக் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டதோடு சரி. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் அய்யாவுக்கு மிளகாய் வத்தல் மண்டி. அவர் ஊரைவிட்டு வெளியே போவதென்றால் சரக்கோடு போவார், இல்லையென்றால் துக்கம் கேட்கப் போவார். எங்களைக் கூட்டிக்கொண்டு சும்மா ஒரு இடத்தைப் பார்க்கப் போனதாகச் சரித்திரமே கிடையாது. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் மற்ற பிள்ளைகள் ஊட்டி, கொடைக்கானல் என்று அளப்பார்கள். விளாத்திகுளம் சித்தி வீட்டுக்குப் போய் வந்ததையே நான் எத்தனை வருசத்துக்குத்தான் சொல்வது? அதனால், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "வார ஞாயித்துக்கெழமை எல்லாரும் தனுஷ்கோடிக்கு டூர் போறோம்" என்று அய்யா சொன்னதும் எனக்குப் புரையேறிவிட்டது. அம்மா தலையில் தட்டினாள். அத்தை மட்டும் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அது டூர் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அத்தை, அதாவது அய்யாவின் தங்கச்சி, அவளை மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். வாசலில் கார் வந்து நிற்கும், கேசரி கிண்டுகிற வாசனை பக்கத்து வீட்டுக்குப் போகும், நாலு நாள் கழித்து "என்ன, சேதி ஒண்ணும் வரலையா?" என்று ஒருத்தி வந்து நிற்பாள். அதனால் ஏதாவது கோயிலிலோ கடைத்தெருவிலோ இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திக்கிற மாதிரி சந்தித்துக்கொள்வார்கள். பிடித்தால் மேலே பேசுவது. பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்க வரவேயில்லை.

அத்தைக்கு இடது கால் சூம்பியிருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து அப்படி ஆகிவிட்டதாம். விந்தி விந்தித்தான் நடப்பாள். எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. ஒருத்தருக்குச் சுருட்டை முடி, ஒருத்தருக்குக் கட்டைக் குரல், அத்தைக்கு அந்த நடை. அடுப்படியிலிருந்து அவள் வருகிற சத்தம் கேட்டாலே எனக்குப் பசிக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் யாரும் அந்தக் காலைப் பற்றிப் பேசமாட்டார்கள். அத்தைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த இ-சேவை மையத்தில் வேலை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள். தனக்கு ஒன்று போட அய்யா விடவில்லை. வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடுமாம். தினமும் கடைத்தெரு வழியாக நடந்து வேலைக்குப் போகிறவளைப் பற்றி ஊருக்குத் தெரியாத விஷயம் என்ன இருந்தது என்று அய்யாவைக் கேட்க எங்கள் வீட்டில் ஆளில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் சிலர் உண்டு. அய்யா ஒவ்வொரு தடவையும் அத்தையை முன்கூட்டியே நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார். காபித் தட்டை அம்மா கொண்டு வருவாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது வந்தவர்களில் ஒரு பெரியம்மா, "பிள்ளை கொஞ்சம் உள்ள போயித் தண்ணி கொண்டாரட்டுமே" என்பாள். அந்தப் பெரியம்மாக்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்களோ தெரியாது. அத்தை எழுந்து போவாள், தண்ணீர் கொண்டு வருவாள், அவர்கள் குடிப்பார்கள், போவார்கள். அப்புறம் தரகர் வந்து ஜாதகம் சரியில்லை என்பார்.

இந்த மாப்பிள்ளை அருப்புக்கோட்டைப் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பா இல்லை, அம்மாவும் ஒரு அக்காவும்தான். போட்டோவைப் பார்த்துப் பிடித்துப்போய் அத்தையின் நம்பரை வாங்கிப் பேச ஆரம்பித்திருந்தார். சாயங்காலம் போன் வந்தால் அத்தை மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். துணைக்கு என்னை அனுப்புவார்கள். மாடியில் காயப்போட்ட வத்தலைக் கிளறிக்கொண்டு நான் காது கொடுப்பேன். பெரிதாக ஒன்றும் இருக்காது. "சாப்பிட்டீங்களா, என்ன குழம்பு, இங்கயும் ஒரே வெயிலுதான்." இதுக்குப் போய் இப்படிச் சிரிக்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வரும். இருபத்தொன்பது வயசில் முதல் தடவையாக ஒரு ஆண் அவளிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அத்தைக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. அந்த ஒரு மாதத்தில் அவள் புது ஆளாக இருந்தாள்.

காலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"அண்ணே, சொல்லிருங்கண்ணே" என்று அத்தை ஒருநாள் அய்யாவிடம் கேட்டாள்.

"சொன்னா எவன் வருவான்?" என்றார் அய்யா. "நிச்சயம் முடியட்டும். ரெண்டு வீடும் ஒண்ணுமண்ணாப் பழகட்டும். பெறகு மெதுவாச் சொல்லிக்கலாம். நீ வாயைத் தெறக்காம இரு."

அத்தை வாயைத் திறக்காமல் இருந்தாள். வத்தல் மூட்டையில் நல்ல சரக்கை மேலாகப் பரப்பி வைப்பது அய்யாவுக்குத் தொழில். தங்கச்சி கல்யாணத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, ஒரே தங்கச்சி, கரையேற்றிவிட வேண்டும் என்கிற தவிப்புதான்.

எங்கே வைத்துப் பார்ப்பது என்று அய்யாவும் அம்மாவும் அடுப்படியில் யோசித்ததை நான் முழுக்கக் கேட்டேன். என்ன விஷயம் என்று புரியாமலே கேட்டேன்.

"ராம்நாட்டு அரண்மனையில வச்சுப் பாக்கலாம்ல?" என்றாள் அம்மா.

"ஏறுபடி இருக்கு."

"தேவிபட்டினம்? நவபாஷாணம்?"

"கடலுக்குள்ள நீளமா நடைபாதை போட்டு வச்சிருக்கான். அதுல ஊர்வலமால்ல போகணும்."

"பேசாம ராமேஸ்வரம் கோயில்லயே..."

அய்யாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏண்டி, உனக்கு வெவரம் இருக்கா? உலகத்துலயே நீளமான பிராகாரம். பளபளன்னு கல்லு. இந்தக் கோடியில நடந்தா அந்தக் கோடியில தெரியும். வேற எடமே கெடைக்கலையா?" அப்புறம் அவரே சொன்னார், "தனுஷ்கோடிதான் சரி. பூராவும் மணலு. மணல்ல மகாராணியே வந்தாலும் விந்தித்தான் நடக்கணும்."

இந்த நாட்டில் ஒவ்வொருத்தர் சிற்பத்துக்காக ஒரு இடத்துக்குப் போகிறார்கள், தீர்த்தத்துக்காகப் போகிறார்கள், காற்றுக்காகப் போகிறார்கள். எங்கள் அய்யா தரையை வைத்து இடம் தேர்ந்தெடுத்தார்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ராமேஸ்வரத்துக்கு வந்துவிட்டு எப்படிக் கோயிலுக்குப் போகாமல் இருப்பது? மாப்பிள்ளையின் அம்மா போனில், "அப்படியே சேர்ந்து சாமி கும்பிட்டுருவோம்" என்று சொல்லிவிட்டாள். அய்யா ஒரு நொடி யோசித்தார். "இல்லீங்க, எங்க வீட்டுல அன்னைக்கு வீட்டுக்கு விலக்கா இருக்கும். கோயிலுக்கு வர முடியாது" என்றார். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னயக் கேக்காம எனக்கு நாளுங் குறிச்சாச்சாக்கும்! நல்லா இருக்குய்யா உங்க நாயம்!" என்று கரண்டியைப் போட்டாள். எனக்குப் புரிந்ததெல்லாம், அம்மாவால்தான் நாம் கோயிலுக்குப் போகவில்லை என்பது. நாலு நாள் அம்மாவோடு நான் சரியாகப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாடகை வேன் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா, "வண்டியில எடம் இருந்தா நாங்களும் வாரோமே" என்று பிள்ளைகளோடு வந்து நின்றதைப் பேசித் திருப்பி அனுப்புவதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடலைப் பார்க்கப் போகிற அத்தை கத்தரிப்பூ நிறத்தில் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, காதில் அம்மாவின் ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டு வந்தால் எந்த அக்காவுக்குத்தான் சந்தேகம் வராது? வண்டி கிளம்புகிற நேரத்தில் அய்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாப்பா, எறங்குன ஒடனே அத்தையோட இடது கையைப் பிடிச்சுக்க. என்ன ஆனாலும் விடக்கூடாது. அந்தக் கடலு ஆளை இழுத்துட்டுப் போயிரும்." என்மேல் அய்யாவுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கு ஒரே பெருமை.

முதுகுளத்தூர் தாண்டி, ராமநாதபுரம் போய், மண்டபம் வரைக்கும் அய்யா தனுஷ்கோடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் மண்டிக் கூட்டாளிகளோடு ஒரு தடவை போயிருக்கிறார். பாதி வழியில் பஸ் நின்றுவிடுமாம். அங்கிருந்து மீன் ஏற்றுகிற வேனில் ஏறிக்கொள்ள வேண்டுமாம். மணலில் புதைந்து, தண்ணீரில் இறங்கி, தலை கூரையில் இடிக்க இடிக்கப் போய்ச் சேர வேண்டுமாம். பாம்பன் பாலத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றோம். கீழே ரயில் பாலம், படகுகள், பச்சைத் தண்ணீர். எல்லாரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுதான் பார்க்க வேண்டும், நடக்க வேண்டிய வேலையே இல்லை. "இங்கயே வரச் சொல்லிருக்கலாம் போல" என்றாள் அம்மா. "போலீஸ்காரன் நிக்க விட மாட்டான்" என்றார் அய்யா. அத்தைக்குச் செல்போனில் ஏதோ வந்தது. பார்த்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

ராமேஸ்வரத்தைக் கடந்தோம், கோபுரத்துக்குக் கும்பிடு போட்டோம். அப்புறம் வீடுகள் குறைந்து, சவுக்கு மரங்கள் வந்து, அதுவும் போய், அய்யா சொன்ன அந்தப் பாதி வழி வந்தது. மீன் வேன் எதையும் காணோம். எங்கள் வண்டியும் நிற்கவில்லை. முன்னால் கறுப்பாக, மொழுமொழுவென்று, கண்ணுக்கெட்டிய மட்டும் ரோடு போய்க்கொண்டிருந்தது.

"இதென்ன ரோடு?" என்றார் அய்யா.

"அண்ணே, வெளிநாட்டுலயா இருக்கீங்க?" என்று டிரைவர் சிரித்தார். "முனை வரைக்கும் தார் ரோடு போட்டாச்சு. புத்தம் புதுசு. தம்ளர்ல தண்ணி வச்சுட்டுப் போனாலும் சிந்தாது."

ரோடு போடுகிறார்கள் என்று அய்யாவும் கேள்விப்பட்டிருக்கிறார். கவர்மெண்டு வேலைதானே, எப்படியும் இழுத்துக்கொண்டே கிடக்கும், நம் காலத்தில் எங்கே முடியப்போகிறது என்று விட்டுவிட்டார். ஒழுங்காக நடக்காது என்று அவர் நம்பியிருந்த ஒரே வேலை அந்த ரோடு. அது பார்த்து முடிந்துவிட்டது.

நானோ துள்ளிக் குதித்தேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோடு, அதில் நாங்கள். இந்தப் பக்கம் அலை ஆளுயரத்துக்கு எழுந்து விழுகிறது, அந்தப் பக்கம் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கிறது. "அய்யா பாருங்க, அய்யா பாருங்க" என்று கத்தினேன். அய்யா அந்த ரோட்டை இழவு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார். "விசாரிச்சிருக்கக் கூடாதா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

இடிந்த சர்ச்சுப் பக்கத்தில் சந்திப்பதாகப் பேச்சு. அங்கே சுற்றிலும் மணல்தான், அது போதும் என்று அய்யா மனசைத் தேற்றிக்கொண்டார். வண்டியை அங்கே நிறுத்தி அவர்களுக்குப் போன் போட்டார். அவர்கள் சீக்கிரமே வந்து, இங்கே நிற்காமல் நேரே முனைக்கே போய்விட்டார்களாம். "இங்கன வந்துருங்களேன், கடையெல்லாம் இருக்கு, நெழலு இருக்கு" என்று அய்யா கெஞ்சாத குறை. அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா, "இங்க காத்து அருமையா இருக்குங்க, நீங்க வாங்க, சிங்கத் தூண்கிட்டதான் நிக்கிறோம்" என்று வைத்துவிட்டாள்.

முனைக்கும் வண்டி போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தூண் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே போலீஸ்காரர் கை காட்டி ஓரங்கட்டச் சொன்னார். இனி நடந்துதான் போக வேண்டும். இரண்டு பக்கமும் கடல் அரிக்காமலிருக்கப் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள், மணலில் இறங்க வழியில்லை. முன்னால் நேரான ரோடு. அதன் கடைசியில் தூணுக்குக் கீழே மூன்று பேர். நீலச்சட்டை போட்டிருந்தவர் எங்கள் வேனைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அய்யா கதவைத் திறக்கவிடவில்லை. "நீ வண்டியிலயே இரு" என்றார் அத்தையிடம். "தலை சுத்துதுன்னு சொல்லிக்கிறேன். நான் போயி அவங்களை இங்கன கூட்டியாரேன்."

"தலை சுத்துற பொண்ணுன்னா மட்டும் கட்டிக்கிருவாகளாக்கும்?" என்றாள் அத்தை.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அய்யா அவளை முறைத்த நேரத்தில் அத்தை மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். "பாப்பா, கையைப் பிடி, கையைப் பிடி" என்று அய்யா பதறினார். நான் ஓடிப்போய் அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டேன். என்னை ஒட்டிச் சேர்த்து அணைத்தபடி அவள் நடந்தாள். கொஞ்ச தூரம் அப்படியே போனோம். அத்தையின் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. ஐஸ் வண்டி, அன்னாசிப்பழக் கீற்று விற்கிறவர், சங்குமாலை விற்கிற பெண், எல்லாரையும் தாண்டிப் போனோம். அதற்கப்புறம் முன்னால் ஆட்களே இல்லாமல் ரோடு கொஞ்ச தூரம் வெறிச்சென்று இருந்தது. அங்கே அத்தை நின்றாள்.

"நீ முன்னால ஓடு பாப்பா. போயி கடலைப் பாரு."

"அய்யா விடக்கூடாதுன்னாரு."

"நான் சொல்றேன்ல. போ."

பிடித்திருந்த கையை அவளே உருவிக்கொண்டாள். எந்தப் பிள்ளை இரண்டாந்தடவை சொல்லக் காத்திருக்கும்? ஓடினேன். பாதி தூரம் ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அத்தை ரோட்டின் நடுமத்தியில் தனியாக வந்துகொண்டிருந்தாள். எதையும் மறைக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. வீட்டில் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு எப்படி வருவாளோ அப்படியே, உடம்பு ஒரு பக்கம் இறங்கி ஏற, முகத்தை நேராக வைத்துக்கொண்டு வந்தாள். காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அவளுக்கு ரொம்பப் பின்னால் அய்யா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஆடிக்கொண்டிருந்த நீலச்சட்டைக்காரரின் கை இறங்கிவிட்டிருந்தது.

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தைத் தடவினாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அக்கா, "அதா உங்க அத்தை?" என்று கேட்டாள். "ஆமா!" என்றேன். எனக்கு அத்தையை நினைத்து ஒரே பெருமையாக இருந்தது, அவ்வளவு கூட்டத்தில் பட்டுச்சேலை கட்டியிருந்தது அவள் ஒருத்திதான்.

அத்தை வந்தாள். பின்னாலேயே அய்யாவும் அம்மாவும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். வந்ததும் அய்யா சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. எல்லாம் கைமீறிப் போன பிறகும், பேசி வைத்தபடி, "அடடே, நீங்களா! எங்க இந்தப் பக்கம்?" என்றார்.

"சும்மா ஊரு சுத்திப் பாக்க வந்தோம்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. அந்தச் சாக்கை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எங்கள் மானம் போகாமலிருக்க நாங்கள் போட்ட வேஷம் அவர்களுக்கு நன்றாக உதவிற்று. அந்த அரை மணி நேரத்தில் கல்யாணம் என்ற வார்த்தையை ஒருத்தரும் சொல்லவில்லை. இந்தப் பக்கம் ஆண் கடல், அந்தப் பக்கம் பெண் கடல் என்று அவள் எனக்குக் காட்டினாள். இலங்கை எந்தத் திசை என்று பேசினார்கள். மிளகாய்ப்பொடி தூவின அன்னாசிப்பழம் வாங்கிக் கொடுத்தார்கள். அவ்வளவு தன்மையான மனிதர்களை நான் பார்த்ததில்லை. அத்தையிடம் மட்டும் எதையும் கேட்கவில்லை.

நான் அத்தைக்கும் ஒரு கீற்று கொண்டு போனேன். நீலச்சட்டைக்காரரும் அவளும் சுவரோரமாகக் கடலைப் பார்த்து நின்றார்கள்.

"போன்லயே சொல்லிருக்கலாம்ல?" என்றார் அவர்.

"சொல்லிருந்தா வந்திருப்பீங்களா?"

அவர் தண்ணீரையே பார்த்தார். நல்ல மனிதர்தான், பொய் சொல்லவாவது தெரியாமல் இருந்ததே. "அத்தை, பழம்" என்று நீட்டினேன். அவள் வாங்கி, பாதியைப் பிட்டு அவரிடம் கொடுத்தாள். அவர் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். போகும்போதும் வைத்திருந்தார். நடை சாத்துவதற்குள் கோயிலுக்குப் போக வேண்டும், அந்தப் பிராகாரத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அவருடைய அக்கா அவசரப்படுத்தினாள். ஊருக்குப் போய்ப் போன் செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் அய்யா வெடித்தார். டிரைவர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே! நாயா அலைஞ்சேனே! ரெண்டு நிமிசம் வண்டியில உக்காந்திருந்தா என்ன கொறஞ்சு போயிருப்ப?"

அத்தை சொன்னாள், "அந்த மனுசன் கையை எறக்குனதைப் பாத்தீங்கள்லண்ணே? அதைத் தாலி கட்டுன பெறகு பாக்கணுமா நான்?"

அய்யா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா அத்தையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு எதுவும் விளங்கவில்லை. கையை இறக்கினால் என்ன? எவ்வளவு நேரம்தான் ஒரு ஆள் கையைத் தூக்கிக்கொண்டே நிற்க முடியும்?

"கோயிலுக்காவது போயிட்டுப் போவோமே" என்றாள் அம்மா. அங்கேதான் அவர்கள் இருப்பார்கள் என்று அவளுக்கே உறைத்ததும் விட்டுவிட்டாள். ராமநாதபுரம் வந்தபோது நான், சும்மா கேட்டு வைப்போம் என்று, "அய்யா, அரண்மனை" என்றேன். காலையில் நேரமில்லை என்று விரட்டியவர், "நிப்பாட்டுப்பா. பாத்துட்டு வரட்டும். இனிமே எங்க எறங்குனா என்ன" என்றார். அந்த ஒரு இடத்தைத்தான் அன்றைக்கு நாங்கள் நிஜமாகச் சுற்றிப் பார்த்தோம். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். உள்ளே சுவரிலும் கூரையிலும் ராஜாவும் ராணியும் யானையும் குதிரையுமாகப் படம் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாக நின்று எனக்குக் கதை சொன்னாள், தெரியாததற்கு அவளே கதை கட்டினாள். மூக்கு அடைத்துக்கொண்ட மாதிரி பேசினாள். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அய்யா மேலே வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, "டூர் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "நல்லா இருந்துச்சு" என்றார் அய்யா. நான் ரோட்டைப் பற்றியும் அன்னாசிப்பழத்தைப் பற்றியும் தெருவெல்லாம் சொன்னேன். போன் வரவில்லை. சாயங்காலங்களில் அத்தை மாடிக்குப் போவதை விட்டுவிட்டாள். வத்தலைக் கிளற நான் தனியாகப் போனேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் ஒருநாள் தரகர் வந்து ஜாதகம் சரியில்லை என்றார்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அத்தையைப் பார்க்க இன்னொரு இடத்திலிருந்து வந்தார்கள். சாயல்குடிப் பக்கம், உப்பளத்தில் வேலை. மனைவி இறந்து வருசம் திரும்பவில்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள், படுத்த படுக்கையாய் ஒரு தாயார். பட்டப்பகலில், வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, நேராக வீட்டுக்கே வந்தார்கள். அய்யா அத்தையை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். நான்தான் காபித் தட்டைக் கொண்டு போனேன். தண்ணீர் கேட்பார்கள், எழுந்து வரச் சொல்வார்கள் என்று அம்மா கதவோரம் பயந்துகொண்டு நின்றாள். அவர்கள் கேட்கவேயில்லை. மாப்பிள்ளை பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூட வந்த பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டார், "வயசானவுகளைத் தூக்கி உக்கார வைக்கக் கையில தெம்பு இருக்குமா?" இருக்கு இருக்கு என்றார் அய்யா. அங்கேயே தேதி குறித்துவிட்டார்கள்.

அவர்கள் போனதும் நான் அடுப்படிக்கு ஓடினேன். "எம்புட்டு நல்ல மனுசங்கம்மா! அத்தையை நடந்து காட்டச் சொல்லவே இல்ல" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். காபி குடித்த தம்ளர்களைத் தொட்டியில் போட்டுவிட்டு, குழாயைத் திறந்து, ரொம்ப நேரம் கழுவிக்கொண்டே இருந்தாள்.